வீட்டு வளவில் கத்தி அடிக்கக் கூடும் தம்பிமாருக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் ஒரு வளவுக்குள் கூடி, உலை மூட்டி, பழைய அரத்தையும் லொறி வில்லுத்தகட்டையும் கத்தியாக அடித்துப் பழகுவது நல்ல காரியம். அமெரிக்காவில் ஆசைக்காகக் கத்தி செய்கிறவர்கள் இதற்கென்றே நாள் குறித்து, ஆளுக்கொரு சுத்தியலோடு வந்து, தெரிந்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்துப் போகிறார்கள். ‘ஹமர்-இன்’ என்பார்கள். அதையே காங்கேசன்துறையில் செய்வதென்றால் அவர்களுக்கு இல்லாத சில கவலைகள் நமக்கு உண்டு. உப்புக்காற்று, சுண்ணாம்புக்கல் நிலம், 1990க்குப் பிறகு வருடக்கணக்காக ஆள் புழங்காமல் கிடந்த காணிகள், வாள் என்ற சொல்லுக்கே பதறுகிற ஊர். தம்பியும் கூட்டாளிமாரும் எங்கள் வளவில் கூடுகிறபோது பக்கத்தில் நின்று பார்த்ததையும் கேட்டுப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஊருக்குச் சொல்லுங்கோ

உலை மூட்டுவதற்கு முன்பே விதானையாரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கோ. இடம், நேரம், வருகிற ஆட்கள், செய்யப்போகிற சாமான், எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பொலிஸ் நிலையத்திலும் ஒரு சொல் போட்டு வையுங்கோ. பக்கத்து வீடுகளுக்கு நேரே போய், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சத்தம் கேட்கும் என்று சொல்லுங்கோ. குடாநாட்டில் வாள்வெட்டு எத்தனை குடும்பங்களை அழ வைத்திருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. இளம் பெடியன்கள் படலையைச் சாத்திக்கொண்டு இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டால், அயலட்டை பயப்படுவது நியாயம். ஆகவே படலை திறந்தே இருக்கட்டும். வந்து பார்க்க விரும்பும் ஆச்சிக்கு ஒரு கதிரை போட்டு, தள்ளி இருத்துங்கோ.

எங்கள் வளவில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். அலகு ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பக்கமும் கூர் வைக்கக் கூடாது. “சும்மா அழகுக்கு ஒரு வாள்” என்று எவன் கேட்டாலும் அடுத்த கிழமை அவன் வரத் தேவையில்லை. கத்தியை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்துப் போடுவதும் அப்படித்தான். படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் மேசையில் வைத்து எடுங்கோ.

நெருப்புக்குள் எது போகலாம்

இதை இரண்டு தரம் வாசியுங்கோ. காணியில் கிண்டும்போது வந்த இரும்பு, பற்றைக்குள் கிடந்த குழாய், இரண்டு பக்கமும் மூடிய எந்தச் சாமான், என்னவென்று தெரியாத கனமான துண்டு, இவை ஒன்றும் உலைக்குக் கிட்டவும் வரக் கூடாது. எங்கள் பக்கம் பல காணிகள் பாதுகாப்பு வலயமாகக் கிடந்து, கட்டம் கட்டமாக விடுபட்டவை. ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் 2002 முதல் வடக்கில் கண்ணிவெடி அகற்றி வருகின்றன; அப்படியிருந்தும் வெடிக்காத பொருள்கள் மண்ணிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. துருப்பிடித்த உருளையைச் சூடாக்குவது உயிரோடு விளையாடுவது. அப்படி ஏதும் கண்டால் தொடாதீர்கள், தூக்கி வேலியோரம் வைக்காதீர்கள். நிலத்தில் எதையும் நடாமல், தள்ளி ஒரு அடையாளம் வைத்துவிட்டு 119க்கு எடுங்கோ. பழைய தோட்டாக் கோதில் பிடிக்குப் பூண் போடுகிற யோசனையும் வேண்டாம். பித்தளைக் குழாய் கடையில் வாங்கலாம்.

நாகம் பூசிய கல்வனைஸ் குழாய், வாளி, கம்பி, இவற்றையும் சூடாக்காதீர்கள். அந்தப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகை உள்ளே போனால் இரவு குளிரும் காய்ச்சலும் அடிக்கும்.

நல்ல இரும்பு எது? லொறி வில்லுத்தகட்டில் கரி ஏறத்தாழ 0.6 வீதம் இருக்கும். சமையல் கத்திக்கும் தோட்டக் கத்திக்கும் அது போதும். பழைய நல்ல அரத்தில் 1 வீதமும் அதற்கு மேலும் இருக்கும்; கூர் நிற்கும், ஆனால் பதம் பார்க்காமல் விட்டால் கண்ணாடிபோல் உடையும். கொங்கிறீற் கம்பியை எவ்வளவுதான் அடித்தாலும் கத்தியின் வைரம் ஏறாது. பாவித்த வில்லுத்தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அதைத் தவிர, இரும்பைச் சோதிக்க ஒரு சிறு துண்டைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, துணியால் சுற்றிக் குறட்டில் பிடித்து உடைத்துப் பாருங்கோ. உடைந்த முகம் நொய் மணலாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் சரி. பெரிய பெரிய மினுக்கமாகத் தெரிந்தால் சூடு கூடிவிட்டது.

பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு நல்லதுதான். ஆனால் எங்கிருந்து வந்ததென்று தெரியாத துண்டை வாங்காதீர்கள். போர்க்காலத்தில் வடபகுதித் தண்டவாளங்கள் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதையைத் திரும்பப் போட்டு, 2015 ஜனவரி 2ஆம் திகதிதான் காங்கேசன்துறை வரை ரயில் வந்தது. அந்தப் பாதையின் இரும்பில் யாரும் கை வைக்க வேண்டாம். உடைந்த லொறி அச்சுத் துண்டொன்றை நிமிர்த்திப் புளியங்குற்றிக்குள் இறுக்கினாலே முதல் வருடத்துக்குப் போதும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பொத்திய கை படுகிற உயரத்தில் அதன் முகம் இருக்க வேண்டும். தாழ்ந்தால் முதுகு போகும்.

இடமும் காற்றும்

உலையைச் சுற்றி எங்கள் ஊர்க் கல்லை அடுக்காதீர்கள். சீமெந்து ஆலைக்குக் கல் கொடுத்த மண் இது, எல்லாம் சுண்ணாம்புக்கல். உலைச்சூட்டில் அது நீறாகி உதிரும். அதில் தண்ணீர் பட்டால் கொதித்துச் சிதறும். களிமண் பூசிய தகரப் பெட்டியோ சூளைச் செங்கல்லோ வையுங்கோ. சீமெந்து நிலத்தில் சிவந்த இரும்பு விழுந்தால் உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாகி, துண்டு துண்டாகத் தெறிக்கும். காலடியில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த மணல் பரப்புங்கோ. அதே மணலில் இரண்டு வாளி நெருப்பணைக்கவும் வையுங்கோ.

சோளகம் வீசுகிற மாதங்களில் பொறி கிடுகு வேலி வரை போகும். சோளகக் காற்றை ஊதுகருவியாக வைத்தே இரும்பு உருக்கியவர்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ மலைச்சரிவில் அந்த உலைகளை ஆராய்ந்த கில் ஜூலெஃப் 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார். நமக்கு அந்த வேகம் தேவையில்லை. தென்மேற்குப் பக்கம் தகர மறைப்பு ஒன்று போட்டு, ஓலை, கிடுகு, காய்ந்த பன்னாடை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கோ. மறைப்புப் போடுகிறோம் என்று நாலு பக்கமும் அடைக்கவும் கூடாது. சிரட்டைக்கரி எரிகிறபோது வரும் நஞ்சுவாயுவுக்கு மணமில்லை. தலையிடியும் கிறுதியும் வந்தபிறகுதான் தெரியும். இரண்டு பக்கமாவது திறந்த கொட்டில்தான் சரி.

நேரம்

அடிப்பது காலையில். ஆறரைக்குத் தொடங்கினால் பத்தரைக்குள் முடிக்கலாம். அதற்குப் பிறகு எங்கள் வெயிலில் உலைக்கு முன்னால் நிற்பது மயங்கி விழத்தான். கோயில் திருவிழா, அயலில் செத்தவீடு, பரீட்சைக் காலம் என்றால் அந்தக் கிழமை சுத்தியலைத் தூக்காதீர்கள். அரத்தால் தேய்க்கிற வேலை எவ்வளவோ இருக்கும்.

தோய்ச்சல் மட்டும் பொழுதுபட. நிறம் பார்த்துச் சூடு அறிகிற வேலை அது; வெயில் வெளிச்சத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரியும், ஆட்கள் கூடக் காய்ச்சி இரும்பைக் கெடுப்பார்கள். மைமல் நேரத்தில் கொட்டிலுக்குள் நிறம் சரியாகத் தெரியும்.

தோய்ச்சல்

அடித்து முடிந்த அலகை உடனே தோய்க்காதீர்கள். சிவக்கக் காய்ச்சி, காற்றில் கறுக்கும்வரை ஆறவிட்டு, திரும்பவும் காய்ச்சுங்கோ, மூன்று தரம். அடியில் ஏறிய முறுக்கு அப்போதுதான் போகும். பிறகு ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கோ. ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. வில்லுத்தகட்டுக்கு அதைவிட இன்னும் ஒரு நிறம் ஏற்ற வேண்டும், 830 பாகை அளவுக்கு. அலகு முழுக்க ஒரே நிறம் வந்தவுடன் எண்ணெயில் இறக்குங்கோ. நேரே கீழே, பக்கவாட்டில் ஆட்டாமல். ஆட்டினால் கோணும்.

கிணற்றுத் தண்ணீரில் தோய்க்காதீர்கள். தண்ணீரே இந்த இரும்புக்குக் கடும் வேகம்; கரையோரக் கிணற்று உவர் அதைவிட வேகம். ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், காலை முழுக்க அடித்த அலகு வெடித்திருக்கும். தேங்காய் எண்ணெயோ வேறு சமையல் எண்ணெயோ போதும். 50, 60 பாகைக்குச் சூடாக்கிக்கொண்டால் தண்ணீராக ஓடி நன்றாகக் குளிர்த்தும். கழிவு என்ஜின் ஒயில் சும்மா கிடைக்கிறதென்று எடுக்காதீர்கள், அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. எண்ணெய் உயரமான இரும்பு டின்னில் இருக்கட்டும், மூடி பக்கத்தில் இருக்கட்டும். தீப் பிடித்தால் மூடி. தண்ணீர் ஊற்றவே கூடாது.

தோய்ச்ச அலகு அன்றே பதம் இறங்க வேண்டும். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, ஏறத்தாழ 200 பாகையில் மின்சார அவனில் இரண்டு மணித்தியாலம். ஆறவிட்டு இன்னொரு தரம். தேய்த்த இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும். அம்மாவின் கேக் அவனை இதற்குக் கேட்காதீர்கள். பழையது ஒன்று வாங்குங்கோ.

உடம்பு

நைலோன் ரீசேட், பொலியெஸ்டர் சாறம், செருப்பு, மூன்றும் படலைக்கு வெளியே. பருத்தி உடுப்பு, மூடிய சப்பாத்து, கண்ணாடி, காதடைப்பு. தலைமயிர் நீளமென்றால் கட்டுங்கோ. தங்கச்சிமார் சோல்வையைக் கழற்றி வையுங்கோ. தங்கச்சிமார் வரலாமா என்று கேட்பவர்களுக்கு, கட்டாயம் வரலாம். இரண்டு இறாத்தல் சுத்தியலுக்கு மேல் யாருக்கும் தேவையில்லை. வேலை செய்வது சூடு, தோள் இல்லை. கிறைண்டரில் துணிக் கையுறை போடாதீர்கள், அது விரலையும் சேர்த்து இழுக்கும்.

சிவந்த இரும்பை எல்லாரும் கண்டு விலகுவார்கள். ஆளைச் சுடுவது கறுத்த இரும்பு. நிறம் போனபிறகும் 400 பாகையில் இருக்கும். கீழே வைத்தவர் பக்கத்தில் வெண்கட்டியால் ‘சூடு’ என்று எழுத வேண்டும். சுட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீருக்குள் 20 நிமிடம். பற்பசை, மை, தோசைமா ஒன்றும் பூசாதீர்கள். கண்ணுக்குள் துகள் போனால் கசக்காமல் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் போங்கோ. 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசம். எல்லாரும் ஏற்பு ஊசி போட்டிருக்க வேண்டும். மோரும் எலுமிச்சம் கரைச்சலும் உப்புப் போட்டு நான் தருவேன். கள்ளு குடித்தவனுக்குச் சுத்தியல் இல்லை.

என்ன செய்வது, யாரிடம் படிப்பது

தொடக்கத்துக்குச் சின்ன மரக்கறிக் கத்தி. அது கைவந்தபிறகு சத்தகம். ஓலை வாருகிற பெண்களிடம் போய் எந்த வளைவு கைக்குச் சுகம் என்று கேளுங்கோ. மயிலிட்டிக் கரையில் மீன் வெட்டுகிறவர்களிடம் பிடி எப்படி இருக்க வேண்டும் என்று கேளுங்கோ, ஈரக்கையில் வழுக்காத பிடி எதுவென்று அவர்களுக்குத்தான் தெரியும். பிடிக்குப் பனை வைரம், வேம்பு, புளி நல்லவை. தாத்தா காலத்து மான்கொம்புப் பிடியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், இப்போது அது சட்டவிரோதம். காம்பை அரக்கு உருக்கி இறுக்கினால், பிடி பழுதானாலும் சூடாக்கிக் கழற்றி மாற்றலாம்.

1976இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தில் தேர்வுக்குப் போகிற கத்தி தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், மரச்சட்டத்தை வெட்ட வேண்டும், அதற்குப் பிறகும் மயிர் மழிக்க வேண்டும், கடைசியில் 90 பாகை வளைத்தும் முறியக் கூடாது. நம் வளவில் நான் வைக்கிற சோதனை, முருங்கைக்காய் ஒரு கட்டு நறுக்கி, ஒரு பாரை மீன் துண்டு போட்டு, அதன்பிறகு பழுத்த தக்காளியை நசியாமல் சீவுவது. அதில் தேறாத கத்தி திரும்பச் சாணைக்குப் போகும்.

செய்த கத்தி வாடைக் காற்றில் ஒரே இரவில் துருப்பிடிக்கும். கழுவி, நன்றாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, மரச்செருகியில் வையுங்கோ. தோல் உறையில் போட்டு மறந்தால் தோல் உறிஞ்சிய உப்பே அதைத் தின்னும்.

இன்னொரு விஷயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கம்மாலை வைத்து வாழ்ந்த குடும்பங்களை இந்த ஊர் மதித்து நடத்தவில்லை. மண்வெட்டியும் பாளைக்கத்தியும் கொக்கச்சத்தகமும் அவர்களிடம் வாங்கிக்கொண்டு, திண்ணையில் இருத்தாமல் அனுப்பிய காலம் உண்டு. இப்போது படித்த பிள்ளைகள் அதே வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறீர்கள். ஒரு மூத்த கொல்லரை அழைத்து, தலைக்கதிரையில் இருத்தி, ஐயா என்று கூப்பிட்டு, அந்த நாளின் கூலியை முழுதாகக் கொடுத்துப் படியுங்கோ. அடியின் சத்தத்திலேயே இரும்பு ஆறிவிட்டதென்று அவர் சொல்லுவார். எந்தக் காணொளியிலும் அது கிடைக்காது. அவர் விற்கிற சாமானை நீங்கள் மலிவாக விற்று அவர் வயிற்றில் அடிக்காதீர்கள். உங்கள் பக்கம் இன்னும் உலை மூட்டுகிறவர் இருந்தால், இந்தக் கிழமையே போய் ஒரு சத்தகம் செய்யச் சொல்லி, காசை முன்னாலேயே கொடுத்துவிட்டு வாருங்கோ.