முகவரி அறியாது நிற்கும் கணிப்பொறி
டி.என்.எஸ். அமைப்பில் நேரும் பிழைகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

கிராம ஊழியர் ஒருவர் மாதாந்தர அறிக்கையை அனுப்ப வேண்டிய கடைசி நாள். ஆசிரியர் ஒருவர் மாணவர்களின் தேர்வு விண்ணப்பங்களைப் பதிவு செய்ய வேண்டிய கடைசி மணி நேரம். கணிப்பொறியின் திரையிலோ, "தளத்தைக் கண்டறிய இயலவில்லை" என்ற ஒரே வாசகம். "இணையம் போய்விட்டது" என்று கருதி அவர்கள் காத்திருக்கின்றனர், நாளும் கழிந்துவிடுகிறது. உண்மையில் இணையம் போகவில்லை. கணிப்பொறிக்கு ஊர் செல்லும் பாதை திறந்தே இருக்கிறது. போகவேண்டிய வீட்டின் முகவரி மட்டுமே தெரியவில்லை. இத்தகைய பிழையைப் பத்து நிமிடத்திற்குள், எவ்விதக் கருவியுமின்றி, எங்ஙனம் இனங்கண்டு திருத்தலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் எண்ணும்

இணையத்தில் இணைந்துள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்களாலான முகவரி ஒன்று உண்டு. மனிதர் நினைவிற் கொள்வது பெயரை. பொறி அறிவது எண்ணை. தொடக்க காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு, கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிலையத்திற் பராமரிக்கப்பட்டன. மற்ற நிலையங்கள் அப்பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டன. கணிப்பொறிகள் பெருகவே இம்முறை தாங்கவில்லை. 1983-ம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் என்பார் பெயர்ப் பொறுப்பைப் பல நிலைகளாகப் பங்கிடும் முறையை வகுத்தளித்தார். அதுவே டி.என்.எஸ். என வழங்கப்படுகிறது. 1987-ம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றும் அடிப்படையாக உள்ளன.

'இந்தியா.கவ்.இன்' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நமது கணிப்பொறியிலுள்ள 'ரிசால்வர்' என்னும் சிறு பகுதி இப்பெயருக்குரிய எண்ணை ஒரு பெயர் சர்வரிடம் கேட்கிறது. அச்சர்வருக்கு விடை தெரியாதாயின், முதலில் மூல சர்வரைக் கேட்கிறது; அது '.இன்' பிரிவின் சர்வரைக் காட்டுகிறது, அப்பிரிவு 'கவ்.இன்' சர்வரைக் காட்டுகிறது. இறுதியில் எண் கிடைக்கிறது. கிடைத்த விடையைக் குறிப்பிட்ட காலம் வரை நினைவில் வைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே அடுத்த முறை இத்தனை படிகளும் ஏற வேண்டுவதில்லை.

இதிலிருந்து முக்கியமான உண்மை ஒன்று புலப்படும். நமது கணிப்பொறி முழுவதும் நம்பியிருப்பது, 'யாரைக் கேட்பது' என்று அதற்குச் சொல்லப்பட்ட ஓரிரு எண்களை மட்டுமே. வீடுகளிலும் பள்ளிகளிலும் சாதாரணமாக ரௌட்டரே அவ்வெண்களைத் தானாக வழங்குகிறது. அவை தவறாயின், கம்பி நன்றாயிருந்தும் பயனில்லை.

முதற் சோதனை: பழுது எங்கே?

எதையும் மாற்றுவதற்கு முன், பின்வரும் நான்கு படிகளை வரிசையாகச் செய்க.

1. 'பிங்' என்னும் ஆணையால் ரௌட்டரின் எண்ணை விசாரிக்கவும். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆகும். விடை வந்தால் வீட்டிற்குள் இணைப்பு நன்று.

2. அடுத்து வெளியுலக எண் ஒன்றை, உதாரணமாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்பதை விசாரிக்கவும். விடை வந்தால் வெளிப்பாதையும் நன்று. சில அலுவலகங்களில் 'பிங்' தடுக்கப்பட்டிருக்கும். ஆதலால் விடை வாராமையை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது.

3. பின்னர் ஒரு பெயரை விசாரிக்கவும். எண்ணுக்கு விடை வந்து, பெயருக்குரிய எண்ணைக் கண்டறிய இயலவில்லை என்று திரை சொன்னால், பழுது பெரும்பாலும் டி.என்.எஸ். அமைப்பில் உள்ளது.

4. அதே ரௌட்டரில் இணைந்த கைப்பேசியில் அதே தளத்தைத் திறந்து பார்க்கவும். அப்போது கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுதல் அவசியம். இல்லையேல் சோதனை நம்மை ஏமாற்றும். கைப்பேசியில் திறந்தால் பழுது கணிப்பொறியில். அதிலும் திறவாவிடில் ரௌட்டரிலோ அதற்கு அப்பாலோ உள்ளது.

இங்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் கணிப்பொறியின் சொந்த எண் 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து அதற்கு எண்ணே கிடைக்கவில்லை என்று பொருள். அது பெயர்ப் பிழையன்று; கம்பியையும் ரௌட்டரையும் முதலிற் கவனிக்க வேண்டும்.

விடைகளின் பொருள்

'என்.எஸ்.லுக்கப்' என்னும் ஆணை, ஒரு பெயரைக் குறித்து நேரே சர்வரிடம் வினவ உதவுகிறது. பெயரை மட்டும் கொடுத்தால் நமது அமைப்பிலுள்ள சர்வரையே கேட்கும். பெயருக்குப் பின் 9.9.9.9 போன்ற எண்ணைச் சேர்த்தால் அந்தச் சர்வரைக் கேட்கும். இரண்டையும் ஒப்பிடுவதே நோய் அறியும் வழி.

விடையே வாராதிருந்தால், கேட்கப்பட்ட சர்வர் இல்லை அல்லது பாதை அடைபட்டுள்ளது. சாதாரண டி.என்.எஸ். வினாக்கள் 53-ம் எண் துறை வழியாகவே செல்கின்றன. 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று விடை வந்தால், சர்வர் நலமாகவே உள்ளது. பெயரில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்க்கவும். 'மறுக்கப்பட்டது' என்றால், அச்சர்வர் நம் போன்றோருக்குப் பணிபுரிய அமைக்கப்பட்டதன்று. 'சர்வர் தோல்வி' என்றால், அது முயன்றும் விடைகாண இயலவில்லை.

இரண்டு சர்வர்களை எழுதிவைத்தால் ஒன்று அறியாததை மற்றொன்று சொல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. முதற் சர்வர் 'இல்லை' என்று சொன்னால், அதுவும் ஒரு விடையே; இரண்டாவதைக் கேட்கும் வழக்கமில்லை. முதலாவது வாய் திறவாதபோதுதான் இரண்டாவதற்கு முறை வருகிறது.

அடிக்கடி காணப்படும் பிழைகள்

எண்ணிற் பிழை: கையால் எழுதப்பட்ட எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருத்தல், அல்லது சேவை நிறுவனம் மாறிய பின்னும் பழைய நிறுவனத்தின் எண் நீடித்திருத்தல். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்' ஆணையை 'ஆல்' என்னும் சேர்க்கையுடன் இட்டால், இப்போதுள்ள எண்கள் தெரியும்.

முதற் சர்வர் மாய்ந்திருத்தல்: தளங்கள் திறக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் வெகுநேரம் தயங்கித் திறக்கிறது. லினக்ஸில் வழக்கமான ரிசால்வர் முதற் சர்வருக்காக 5 விநாடி காத்திருந்த பின்னரே அடுத்ததை நாடுகிறது. மெதுவான இணையம் என்று பழிக்கப்படுவது பல வேளைகளில் இதுவே. அந்த எண்ணை நீக்குக.

திருத்தம் நிலையாமை: லினக்ஸில் 'ரிசால்வ் டாட் கான்ஃப்' என்னும் கோப்பில் எண் எழுதப்பட்டுள்ளது. கையால் திருத்தியதும் சரியாகிறது. மறுமுறை இயக்கும்போது பழையபடி ஆகிறது. காரணம், அக்கோப்பை வேறொரு நிரல் தானே எழுதுகிறது. அதில் 127.0.0.53 என்ற எண் காணப்பட்டால் கணிப்பொறிக்குள்ளேயே ஓர் இடையாள் இருப்பதை அறியலாம். திருத்தத்தை வலைப்பின்னல் அமைப்புத் திரையிற் செய்தலே முறை. அக்கோப்பில் மூன்று சர்வர்களுக்கு மேல் எழுதினும் மூன்றே கருதப்படும்.

'ஹோஸ்ட்ஸ்' கோப்பு: பழைய பட்டியல் முறையின் எச்சமாக, ஒவ்வொரு கணிப்பொறியிலும் இப்பெயருடைய கோப்பு உள்ளது. அதில் எழுதப்பட்டது, சாதாரண அமைப்பில் சர்வரின் விடையை முந்திவிடும். ஒரே ஒரு தளம் மட்டும் ஒரே ஒரு கணிப்பொறியில் திறவாவிடில் இதனைப் பார்க்கவும்.

பழைய நினைவு: தளத்தின் எண் மாறிய பின்னும் கணிப்பொறி பழைய எண்ணையே பற்றியிருத்தல். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்' ஆணையை 'ஃப்ளஷ் டி.என்.எஸ்.' என்னும் சேர்க்கையுடன் இட்டால் அந்நினைவு அழியும்.

கடிகாரப் பிழை: பழைய கணிப்பொறியின் மின்கலம் தேய்ந்தால் தேதி பின்னோக்கிப் போய்விடும். மறைகுறியாக்கி வினவும் புதிய முறைகளில் சர்வரின் சான்றிதழுக்குக் காலவரையறை உண்டு. தேதி தவறாயின் சான்று செல்லாததாகி, பெயர்விடையும் நின்றுவிடும். தேதியைத் திருத்தினால் போதும்.

உலாவியின் தனி வழி: சில உலாவிகள் கணிப்பொறியின் அமைப்பைக் கேளாது தாமே வேறு சர்வரை வினவும். உலாவி இயங்க, மற்ற நிரல்கள் இயங்காதிருப்பின், அல்லது இதற்கு மாறாக நேரின், இதனை ஐயுறுக.

அலட்சியத்தின் விலை

தவறான எண் எப்பொழுதும் தற்செயலாக வந்ததென்று கருதலாகாது. 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்னும் தீய நிரல் பல நாடுகளிற் சுமார் 40 லட்சம் கணிப்பொறிகளைப் பற்றி, அவற்றின் சர்வர் எண்ணை வஞ்சகர்களின் எண்ணாக மாற்றியது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அக்கூட்டத்தை முறியடித்தது. பாதிக்கப்பட்டோரின் இணையம் உடனே அறுந்துவிடாதபடி மாற்றுச் சர்வர்கள் சில காலம் இயக்கப்பட்டு, 2012 ஜூலை 9 அன்று நிறுத்தப்பட்டன. அதுவரை தம் அமைப்பைத் திருத்தாதவர்களின் கணிப்பொறிகள் அன்று பெயரறியாது நின்றன. பொய்ச் சர்வர் ஒன்று வங்கியின் பெயரைக் கேட்டவனை வஞ்சகனின் வாயிலுக்கு அனுப்பவும் கூடும். ஆதலால் தாம் எழுதாத புதிய எண்ணைக் கண்டால், அதனை மாற்றுவதோடு நில்லாமல், தீய நிரல் உண்டா என்று சோதித்து, ரௌட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றுதல் வேண்டும்.

ஊழியர்களுக்கு

பழைய எண்களைத் தாளில் எழுதிக்கொண்ட பின்னரே திருத்துக. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, உடனே சோதித்துப் பார்க்கவும். பல மாற்றங்களை ஒருங்கே செய்தவர், பழுது நீங்கினும் காரணம் அறியார். நீங்காவிடில் திரும்பும் வழியும் அறியார்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தைக் கணிப்பொறியின்றியே வகுப்பில் நடத்தலாம். ஐந்து மாணவர்களைக் கணிப்பொறி, பெயர் சர்வர், மூல சர்வர், '.இன்' சர்வர், 'கவ்.இன்' சர்வர் என நிறுத்துக. முதல் மாணவன் ஒரு பெயரைச் சீட்டில் எழுதிப் பெயர் சர்வரிடம் கொடுக்கட்டும். அவன் மற்ற மூவரிடமும் முறையே சென்று, இறுதியில் எண்ணைக் கொண்டுவரட்டும். அடுத்த முறை, பெயர் சர்வராக நின்றவனை வகுப்பிற்கு வெளியே அனுப்பிவிட்டு, முதல் மாணவனிடம் அதே பெயரைக் கொடுக்கவும். மற்ற மூவரும் தத்தம் இடத்தில் நிற்க, வாயிலும் திறந்திருக்க, சீட்டு மட்டும் கையிலேயே தங்கிவிடும். பழுது எங்கே என்று அப்போது வகுப்பைக் கேட்கவும். விடையை அவர்களே சொல்வார்கள்.