நாகலிங்க மரத்தடியில் ஒரு மொழிப்பாடம்: பூங்காத் தொண்டும் தமிழ் மாணவரும்

முன்னுரை

பொதுப் பூங்காவில் தொண்டு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மரம் நடுவதும் குப்பை பொறுக்குவதும்தான். கோத்தோங் ரோயோங் நாளில் சட்டை நனைய வேலை செய்வோம். குழுப்படம் எடுத்துக்கொள்வோம். சான்றிதழோடு விடுதிக்குத் திரும்புவோம். அதுவும் நல்ல பணியே. ஆனால் பூங்காவுக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் இன்னொரு தொண்டு உண்டு. வருகையாளரை ஒரு மரத்தின் முன் நிறுத்தி, அது என்ன மரம், எங்கிருந்து வந்தது என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்வதே அது. தமிழ் படித்த மாணவர்கள் இத்தொண்டில் செய்யக்கூடியது என்ன என்பதை ஒரே ஒரு மரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தண்ணீர்மலையின் அடிவாரத்தில்

பினாங்குத் தமிழர்களுக்குத் தண்ணீர்மலை என்றால் முருகன் கோயிலும் தைப்பூசமும்தான். அந்தச் சாலையிலேயே மேலும் சென்றால் அதன் முடிவில் இருப்பது பினாங்கு தாவரவியல் பூங்கா. பழைய கருங்கல் வெட்டுக்குழி இருந்த பள்ளத்தாக்கில் 1884ஆம் ஆண்டு இது தொடங்கப்பட்டது. இதை உருவாக்கியவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்னும் ஆங்கிலேயர். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ அறிவித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தில் இப்பூங்காவும் அடங்கும்.

தாவரவியல் பூங்கா வேறு, பொழுதுபோக்குப் பூங்கா வேறு. தாவரவியல் பூங்காவில் மரம் அழகுக்காக மட்டும் நிற்பதில்லை. அதற்குப் பெயர் உண்டு, பிறந்த நாடு உண்டு, பதிவேட்டில் இடம் உண்டு. ஆகவே இங்கே தொண்டு செய்பவரின் வேலையும் சற்று வேறுபடும். களை பிடுங்குதல், நாற்றுகளைப் பைக்கு மாற்றுதல், பெயர்ப்பலகையில் படிந்த பாசியைத் துடைத்தல் ஆகியவை கைவேலைகள். எந்த மரம் எந்த வாரத்தில் பூத்தது, காய்த்தது எனக் குறித்து வைத்தல் கண்வேலை. குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம் என்று வருகையாளரிடம் பணிவாகச் சொல்வதும், மரங்களைப் பற்றி விளக்குவதும் வாய்வேலைகள். இவற்றுள் கடைசி வேலைக்குத்தான் மொழி வேண்டும்.

பெயர்ப்பலகையைப் படிக்கும் முறை

இப்பூங்காவின் நுழைவாயில் அருகே நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. தண்டிலிருந்து தொங்கும் நீண்ட கொத்துகளில் செந்நிறப் பூக்கள், அவற்றினூடே பீரங்கிக் குண்டு போன்ற பழுப்பு நிறக் காய்கள். ஆங்கிலத்தில் இதன் பெயரே 'கேனன்பால் மரம்', அதாவது பீரங்கிக் குண்டு மரம். அறிவியல் பெயர் 'குரூபிட்டா கயானென்சிஸ்'.

அறிவியல் பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும், இரண்டாம் சொல் சிற்றினத்தைக் குறிக்கும். 'கயானென்சிஸ்' என்றால் கயானாவைச் சேர்ந்தது என்று பொருள். தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள பிரெஞ்சு கயானாவின் தாவரங்களைப் பற்றி எழுதிய ஓப்லே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1775இல் இப்பெயரைச் சூட்டினார். ஆக, மரத்தின் பிறப்பிடம் அதன் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இனிப் பூவைப் பார்ப்போம். ஆறு இதழ்களுக்கு நடுவே மகரந்தத் தாள்கள் இரு பகுதியாக அமைந்துள்ளன. ஒரு பகுதி நடுவில் வட்டமாக இருக்கிறது. மற்றொரு பகுதி அதன்மேல் குடைபோல் வளைந்து நிற்கிறது. இப்பூவில் தேன் இல்லை. வண்டினமும் தேனீயும் மகரந்தத்துக்காகவே வருகின்றன. குடைப் பகுதியில் உள்ள மகரந்தம் அவற்றுக்கு உணவு, அது முளைக்காது. அதை எடுக்க உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் வட்டப் பகுதியின் வளமான மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. விருந்து ஓரிடம், வேலை ஓரிடம்!

நம் முன்னோர் இதே பூவில் வேறொன்றைக் கண்டனர். நடுவில் உள்ள வட்டம் அவர்களுக்குச் சிவலிங்கம் ஆயிற்று. வளைந்த குடை, படமெடுத்த நாகம் ஆயிற்று. நாகலிங்கம் என்ற பெயர் பிறந்தது. தாவரவியலாளர் எந்த உறுப்பைக் கண்டு வியந்தாரோ, அதே உறுப்பைத்தான் தமிழ்ப்பெயரும் சுட்டுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

பெயரால் வரும் சிக்கல்

இங்கேதான் வழிகாட்டும் தொண்டருக்கு ஒரு சோதனை வருகிறது. நாகலிங்கம் என்ற பெயரையும் சிவன் கோயில்களில் இம்மரம் பெறும் மதிப்பையும் அறிந்தவர்கள், இது பாரதத்தின் பழம்பெரும் மரம் என்றே நம்புகிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் நாகலிங்கம் இல்லை, இருக்கவும் முடியாது. தென் அமெரிக்கத் தாவரங்கள் ஐரோப்பியக் கப்பல்களின் காலத்துக்குப் பிறகே ஆசியாவுக்கு வந்தன.

சிக்கல் நமக்கு மட்டுமன்று. இலங்கையிலும் தாய்லாந்திலும் பௌத்த ஆலயங்களில் இதே மரத்தைச் சால மரம் என்று போற்றி வளர்க்கிறார்கள். புத்தரின் வரலாற்றோடு தொடர்புடைய உண்மையான சால மரம் 'ஷோரியா ரொபஸ்டா' என்னும் இந்திய மரமாகும். எனவே பினாங்கில் ஒரே நாளில் ஒரே மரத்தின் முன் தமிழர் ஒருவர் கைகூப்பலாம், பௌத்தர் ஒருவரும் கைகூப்பலாம். மரமோ இருவரின் நாட்டிலும் பிறந்ததன்று.

இதை வருகையாளரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் மனம் புண்படாதா? தொண்டர்கள் நாங்கள் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். நான் பணியில் இருந்த ஒரு சனிக்கிழமை, பேத்தியுடன் வந்த மூதாட்டி ஒருவர் கீழே கிடந்த பூவைக் காட்டி, "இது சிவன் பூ, மிதிக்கக் கூடாது" என்று அந்தச் சிறுமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குடைக்குள் தேனீ போகும் விதத்தைச் சிறுமிக்குக் காட்டிவிட்டு, மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றும் சொன்னேன். பாட்டி சற்று நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "எங்கப்பாவும் கப்பல்ல வந்தவருதான் பிள்ள. நாங்க இந்த ஊரு இல்லையா?" என்றார். பிறகு, இந்த மரத்துக்கு இங்கே சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்.

நல்ல கேள்வி. விடையும் உண்டு. நாகலிங்கம் 'லெசித்திடேசி' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரேசில் கொட்டை மரமும் அதே குடும்பம். நம் நாட்டு ஆற்றோரங்களில் வளரும் புத்தாட் மரமும் அதே குடும்பம்தான். மலாய்க்காரர்கள் அதன் இளந்தளிரை உலாமாக உண்கிறார்கள். தமிழகத்துச் செங்கடம்பும் புத்தாட்டின் நெருங்கிய இனமே. ஆக, அந்நிய மரத்துக்கு இங்கும் உறவு உண்டு, தமிழகத்திலும் உறவு உண்டு. குடும்பப் பெயரைத் தெரிந்துவைத்திருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

மரபை அழிக்காமலும் உண்மையை மறைக்காமலும் பேச முடியும் என்பதே இதிலிருந்து நான் கற்றது. "நாகலிங்கம் என்று பெயர் வைத்தது நாம், மரம் பிறந்தது கயானாவில்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம். கேட்பவர் எதையும் இழப்பதில்லை.

கேட்பதும் தொண்டே

தமிழ்ப்பள்ளியில் மகரந்தச் சேர்க்கை என்று படித்தோம். இடைநிலைப்பள்ளியில் மகரந்தம் 'டெபுங்கா' ஆயிற்று. பல்கலைக்கழகத்தில் 'போலன்' ஆயிற்று. மூன்று மொழியில் தேர்வு எழுதிய நமக்கு, வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் தமிழ்ப்பெயர் தெரிவதில்லை. சாலையோரம் நிழல் தரும் 'ரெயின் ட்ரீ' தூங்குமூஞ்சி மரம் என்பதை அறிந்தவர் நம் வகுப்பில் எத்தனை பேர்?

ஆனால் நம் பெரியவர்களுக்குத் தெரியும். ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்வோம். 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன என்பது நூல்களில் உள்ள செய்தி. கித்தா மரம், நிரை, மங்கு, கோட்டுப்பால், கட்டிப்பால், காண்டா ஆகியவை பால்வெட்டிய கைகளில் உள்ள செய்தி. பூங்காவுக்கு வரும் முன்னாள் தோட்டத் தொழிலாளி ஒருவரை ரப்பர் மரத்தின் முன் நிறுத்தி, "அய்யா, எப்படி வெட்டுவீங்க?" என்று கேட்டால் போதும். பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரம் காயப்படாது என்பதை விரலாலேயே காட்டுவார். அந்த நேரத்தில் வழிகாட்டி அவர்தான், நாம் மாணவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்ட இக்காலத்தில் இச்சொற்களைக் கேட்டு எழுதி வைக்காவிட்டால், அவற்றைப் பேசியவர்களோடு அவையும் போய்விடும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒரே மரத்தில் தொடங்குங்கள். நூறு மரங்களை மேலோட்டமாக அறிவதைவிட ஒன்றை நன்கு அறிவது மேல்.

இரண்டாவது, ஒவ்வொரு மரத்துக்கும் தமிழ், மலாய், அறிவியல் ஆகிய மூன்று பெயர்களையும் பிறப்பிடத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். தமிழ்ப்பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெயர் இரண்டு மரங்களுக்கும் இருக்கும். கடம்பு என்ற பெயர் அத்தகையது. அறிவியல் பெயரை உடன் எழுதினால் குழப்பம் வராது.

மூன்றாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மருத்துவக் குணம் பற்றிக் கேட்டால் ஊகித்துப் பதில் கூறாதீர்கள். பாட்டி வைத்தியம் என்று நாம் சொல்வதை நம்பி ஒருவர் இலையைப் பறித்துத் தின்றுவிடக்கூடும்.

நான்காவது, கழக உறுப்பினர்கள் தத்தம் வளாகத்தில் உள்ள இருபது மரங்களுக்காவது இப்படி ஒரு பட்டியல் தயாரிக்கலாம். அடுத்த ஆண்டு வரும் இளையோர் அதைத் திருத்திக் கூட்டட்டும். முன்னாள் மாணவர்கள் தங்கள் ஊர்ப்பெயர்களை எழுதி அனுப்பலாம்.

முடிவுரை

நம் நாட்டுப் பூங்காக்களின் பெயர்ப்பலகைகள் பெரும்பாலானவற்றில் தமிழ் இல்லை. அதற்காக வருந்திக்கொண்டே இருப்பதைவிட, பலகையின் பக்கத்தில் தமிழ் பேசும் ஒருவர் நிற்பது எளிது. மாதத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் போதும். தொப்பி, குடிநீர், குறிப்பேடு ஆகியவற்றோடு வாருங்கள். நாகலிங்க மரத்தடியில் மட்டும் நிற்காதீர்கள், காய் விழுந்தால் தலை தாங்காது. சற்றுத் தள்ளி நின்று, வருகிறவரிடம் முதலில் கேளுங்கள்: "உங்க ஊர்ல இந்த மரத்துக்கு என்ன பேரு?"