விளம்பரக் காசு தேறியதா?

ஒரு மகளிர் குழு முறுக்கு சுட்டு விற்கிறது. ஃபேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் கொடுத்தது. "3,000 பேர் பார்த்தார்கள்" என்று செல்போன் காட்டியது. பார்த்தவர் எல்லாரும் வாங்குவார்களா? சந்தையில் கூடையை எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்! வாங்கியவரைத்தான் எண்ண வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே படத்தை வைத்து இரண்டு விளம்பரம் கொடுங்கள். ஒன்றில் மட்டும் விலையைப் போடுங்கள். வேறு எதையும் மாற்றாதீர்கள். ஊர், நாள், செலவு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 'முறுக்கு 1', மற்றதில் 'முறுக்கு 2' என்று எழுதுங்கள். வாங்குபவர் எந்த எண்ணைச் சொல்கிறார்? நோட்டில் குறித்து வையுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு விளம்பரத்துக்கு 200 ரூபாய். ஜி.எஸ்.டி. வரி 36 ரூபாய். ஆக 236 ரூபாய். ஒரு கிலோ விற்றால் 80 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம்.

விலை போடாத விளம்பரத்தைப் பார்த்து 30 பேர் விசாரித்தார்கள். 2 பேர் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கினார்கள். ஆளுக்கு 118 ரூபாய் செலவு. 38 ரூபாய் நட்டம்!

விலை போட்டதைப் பார்த்து 9 பேர்தான் விசாரித்தார்கள். 4 பேர் ஒவ்வொரு கிலோ வாங்கினார்கள். ஆளுக்கு 59 ரூபாய் செலவு. 21 ரூபாய் லாபம்.

ஆனாலும் 2, 4 என்பவை சின்ன எண்கள். தற்செயலாகவும் இருக்கலாம். இன்னும் ஒரு வாரம் இரண்டையும் நடத்திப் பாருங்கள். பிறகு ஒன்றை நிறுத்துங்கள்.