பொழுதறிந்து செலவிடல்

உழவன் தான் அறுத்த நெல்லைக் குதிரில் இட்டு வைக்கிறான். விலை தாழ்ந்திருக்கும் நாளில் விற்காமல், அது ஏறும் நாள்வரையில் காத்திருக்க அவனால் இயலும். மல்லிகை பயிரிடுவோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. காலையில் பறித்த அரும்பு மாலைக்குள் விலைபோதல் வேண்டும். மறுநாள் அதனைக் கொள்வார் இலர். ஆதலின், புதுச்சேரிப் பெரிய அங்காடியில் மல்லிகை முகூர்த்த நாளில் ஒரு விலைக்கும் மற்றை நாளில் வேறு விலைக்கும் விற்கிறது. மின்சாரமோ மல்லிகையினும் விரைந்து மறைவது. பிறந்த நொடியிலேயே செலவாகிவிட வேண்டிய பொருள் அது. இவ்வியல்பை உணர்ந்தால், நாளின் வெவ்வேறு பொழுதில் மின்சாரத்திற்கு வெவ்வேறு விலை வைப்பது ஏன் என்பது விளங்கும். விலையின் காரணம் விளங்கினால், இல்லத்தில் அதனைச் செலவிடும் முறையும் விளங்கும்.

புதுச்சேரி 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சியினின்றும் நீங்கி இந்தியாவுடன் இணைந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அவ்விணைப்புச் சட்டமுறையில் நிறைவெய்தியது. அந்த 1962ஆம் ஆண்டிலேதான், அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் பணி தொடங்கிற்று. புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்கு உரியதாகக் காரைக்காலில் எரிவாயுவால் இயங்கும் மின்நிலையம் ஒன்று உண்டு. அதன் திறன் 32.5 மெகாவாட்டே. ஆகவே தனக்கு வேண்டும் மின்சாரத்தின் பெரும்பகுதியைப் புதுச்சேரி நெய்வேலி, கல்பாக்கம் முதலிய வெளியிடங்களிலுள்ள நிலையங்களினின்றும் விலை கொடுத்தே பெறுகிறது.

இந்நிலையங்களையும் ஊர்களையும் இணைப்பது மின்கம்பி வலை. 2013ஆம் ஆண்டின் இறுதி நாளன்று தென்னாட்டு வலை ஏனைய பகுதிகளின் வலையோடு இணைக்கப்பட்டது. அன்றுமுதல் இந்தியா முழுவதும் ஒரே வலையாயிற்று. இவ்வலையில் ஆக்கமும் செலவும் எந்நொடியும் ஒத்திருத்தல் வேண்டும். தராசின் முள் நடுவில் நிற்பதுபோல, மின்னோட்டத்தின் அதிர்வு நொடிக்கு 50 என்னும் எண்ணை ஒட்டியே நிற்க வேண்டும். செலவு மிகுந்தால் அவ்வெண் தாழும். ஆக்கம் மிகுந்தால் உயரும். முத்தியாலுப்பேட்டையில் ஒரு சிறுவன் விளக்கைப் போடும் அந்த நொடியிலேயே, எங்கோ ஒரு நிலையம் அதற்குரிய சிறு அளவு மின்சாரத்தை மிகுதியாக ஆக்கித் தருகிறது.

இனி, ஒரு நாளின் போக்கைக் காண்போம். நண்பகலில் கதிரவன் ஒளி மிகுதி. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016ஆம் ஆண்டில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் அமைந்தது. அதுபோன்ற நிலையங்கள் இந்நாளில் நாடெங்கும் பரவியுள்ளன. அவற்றிற்கு நிலக்கரி வேண்டா, எரிவாயு வேண்டா. ஆதலால் பகற்பொழுதில் மின்சாரம் மலிகிறது. மாலையில் ஞாயிறு மறைய, அவ்வாக்கம் முழுவதும் நின்றுவிடுகிறது. அதே நேரத்தில் வீடுதோறும் விளக்குகள் எரிகின்றன, மின்விசிறிகளும் குளிரூட்டிகளும் சுழல்கின்றன, கடைத்தெருக்கள் ஒளிவீசுகின்றன. வரவு குறையும் பொழுதில் செலவு பெருகுவதால், அதுகாறும் அடங்கியிருந்த நிலையங்களையெல்லாம் முடுக்க வேண்டியதாகிறது. நாளில் நான்கைந்து மணி நேரமே பயன்படும் நிலையத்திற்கும் கட்டடம், இயந்திரம், கம்பி, ஆட்கள் ஆகிய செலவு முழுவதும் உண்டு. மாலை மின்சாரத்தின் விலை உயர்வதற்குக் காரணம் இதுவே.

பகலில் மிஞ்சுவதைச் சேமித்து மாலையில் செலவிடலாகாதோ எனின், அதற்கும் வழியுண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையம் உள்ளது. மின்சாரம் மிகும் பொழுதில் அங்கே கீழ்நீர்த்தேக்கத்தின் நீரை மேலே ஏற்றுகின்றனர். தட்டுப்படும் பொழுதில் அந்நீரைக் கீழே பாய்ச்சி மின்சாரம் பெறுகின்றனர். ஆயினும், ஏற்றுவதற்குச் செலவான மின்சாரத்தில் ஒரு பகுதி திரும்பி வாராது. மின்கலங்களில் சேமிப்பதிலும் இவ்விழப்பு உண்டு. மின்கலத்தின் விலையும் அதனோடு சேரும். ஆகவே, சேமித்துச் செலவிடுவதினும், மின்சாரம் மலிந்த பொழுதில் வேலையை முடித்துக்கொள்வதே எளிது.

இவ்வெண்ணம் புதியதன்று. புதுச்சேரியை ஒரு காலத்தில் ஆண்ட பிரெஞ்சு நாட்டிலேயே இது வளர்ந்தது. மர்சேல் புவாத்தே என்னும் பொருளியல் அறிஞர், செலவு உச்சத்தை எட்டும் வேளைக்கு உரிய விலையை எவ்வாறு கணிப்பது என்று 1949ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். அவர் பணியாற்றிய அந்நாட்டு அரசு மின்நிறுவனம், 1950களில் தொழிற்சாலைகளுக்கும், 1965இல் இல்லங்களுக்கும் பொழுதுக்கேற்ற விலையைக் கொணர்ந்தது. பெரும்பாலும் இரவுநேரமே மலிவுநேரமாக இருந்தமையால், மக்கள் தம் வீட்டு வெந்நீர்க் கலங்களை இரவில் சூடேற்றிக் காலையில் பயன்படுத்தப் பழகினர். பின்னர்த் தோன்றிய ஒரு திட்டத்தில் ஆண்டின் நாள்கள் நிறத்தால் பகுக்கப்பட்டன: மலிவான நீல நாள் 300, இடைநிலையான வெண்ணாள் 43, விலை மிக்க செந்நாள் 22. குளிர் மிகுந்த பருவத்திலேயே செந்நாள்கள் வரும். நாளை எந்நிறம் என்பது முதல்நாளே அறிவிக்கப்படும். அங்கும் இப்பொழுது சூரிய மின்சாரம் பெருகியதால், மலிவுநேரத்தின் ஒரு பகுதியை இரவினின்றும் பகலுக்கு மாற்றும் பணி 2025ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிற்று. மலிவான பொழுது என்றும் ஒன்றாயிராது. ஆக்கும் முறை மாறினால் அதுவும் மாறும் என்பது இதனால் அறியப்படும்.

இந்திய அரசு 2020ஆம் ஆண்டில் மின்நுகர்வோர் உரிமை விதிகளை வகுத்து, 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவற்றைத் திருத்தியது. அத்திருத்தத்தின்படி, நாளொன்றில் எட்டு மணி நேரம் சூரிய நேரமாகக் குறிக்கப்படும். அப்பொழுது விலை, வழக்கமான விலையினும் நூற்றுக்கு 20 பங்கேனும் குறைந்திருத்தல் வேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்குரிய விலை, வழக்கமானதினும் நூற்றுக்கு 10 பங்குக்குக் குறையாமல் உயர்ந்திருக்கும். தொழிற்சாலைகளுக்கும் வணிக நிலையங்களுக்கும் அவ்வுயர்வு 20 பங்குக்குக் குறையாது. உழவர்கள் நீங்கலாக ஏனையோர்க்கு 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளுக்குள் இம்முறை வருதல் வேண்டும் என்றும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு அது பொருத்தப்பட்டவுடனே வருதல் வேண்டும் என்றும் விதி கூறுகிறது. பழைய மீட்டர் எவ்வளவு செலவாயிற்று என்பதை மட்டும் காட்டும். ஸ்மார்ட் மீட்டரோ எப்பொழுது செலவாயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளும். நேரங்களையும் விலையையும் அறுதியிடுவது ஒழுங்குமுறை ஆணையத்தின் கடமை. கோவாவுக்கும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளுக்கும் உரிய கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையமே புதுச்சேரிக்கும் உரியது.

இம்முறையின்கீழ் இல்லம் நடத்துவோர் முதலில் செய்யத்தக்கது யாது? தம் வீட்டு வேலைகளை இரண்டாகப் பகுத்தலாம். ஒன்று காத்திருக்கும் வேலை. மற்றொன்று காத்திராத வேலை. மேல்தொட்டிக்கு நீரேற்றுதல், மாவரைத்தல், துணி துவைத்தல், துணிகளுக்கு இஸ்திரி போடுதல் ஆகியவை காத்திருக்கும். அவற்றைக் காலை பத்து மணிக்குச் செய்தாலும் மாலை ஏழு மணிக்குச் செய்தாலும் பயன் ஒன்றே. பிள்ளைகள் படிக்கும் விளக்கு, முதியோர்க்கும் நோயாளர்க்கும் சுழலும் விசிறி, பாலும் மருந்தும் காக்கும் குளிர்பதனப் பெட்டி ஆகியவை காத்திரா. முன்னவற்றைச் சூரிய நேரத்திற்கு மாற்றுக, பின்னவற்றைத் தொடாதிருக்க.

புதுச்சேரியில் நண்பகலில் கடையை அடைத்துச் சற்றே ஓய்வு கொள்ளும் வழக்கம் பலரிடம் இன்றும் உண்டு. அவ்வோய்வுப் பொழுதே இனி வீட்டு இயந்திரங்களின் உழைப்புப் பொழுதாகலாம். பகலில் அனைவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், நீரேற்றும் மோட்டாருக்கு நேரம் குறித்து இயக்கும் டைமர் பொருத்தலாம். துவைக்கும் இயந்திரங்கள் பலவற்றில் அவ்வமைப்பு உள்ளேயே இருக்கும். ஆயின், இஸ்திரிப் பெட்டியையும் வெந்நீர் காய்ச்சும் கருவியையும் ஆளில்லாத வீட்டில் இயங்கவிடுதல் தீங்கு பயக்கும். சில காசு மிச்சத்திற்காக வீட்டை நெருப்புக்கு இரையாக்கலாகாது.

இதனால் வரும் ஊதியம் எவ்வளவு? ஓர் எடுத்துக்காட்டால் கணக்கிடுவோம். வழக்கமான விலை யூனிட்டுக்கு 5 ரூபாய் எனக் கொள்வோம். அவ்வாறாயின் சூரிய நேரத்தில் 4 ரூபாயும், உச்ச நேரத்தில் 5 ரூபாய் 50 காசும் ஆகும். ஒரு குடும்பம் திங்கள்தோறும் 40 யூனிட் வேலையை மாலையினின்றும் பகலுக்கு மாற்றினால், யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 60 ரூபாய் மிஞ்சும். ஆண்டுக்கு 720 ரூபாய். இனி, அவ்வீட்டிலுள்ள 75 வாட் விசிறி ஒன்றை நீக்கி, 30 வாட்டில் இயங்கும் புதுவகை விசிறியை மாட்டினால் என்னாகும்? நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழல்வதாயின், திங்களுக்கு ஏறத்தாழ 16 யூனிட் குறையும். அதன் விலை 80 ரூபாய். ஒரே விசிறி, பொழுதறிந்து செய்த அத்தனை வேலையையும் மிஞ்சிவிட்டது! 60 வாட் குண்டு விளக்குக்கு ஈடாக 9 வாட் எல்.இ.டி. விளக்கு இடுதலும், குளிரூட்டியை 24 பாகையில் வைத்தலும் இத்தகையனவே. புதுச்சேரியில் வீட்டு மின்சாரத்தின் விலை 100, 200, 300 யூனிட் எனப் படிப்படியாக ஏறுவது. எனவே அளவைக் குறைப்போர்க்கு மேற்படியின் விலையும் மிஞ்சும். அளவறிதல் முதலாவது, பொழுதறிதல் இரண்டாவது.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. மாலையில் இரண்டு 9 வாட் விளக்குகளும் இரண்டு 75 வாட் விசிறிகளும் நான்கு மணி நேரம் இயங்குமாயின், திங்களுக்குச் செலவாவது ஏறத்தாழ 20 யூனிட். உச்ச நேரத்திற்காக அவற்றின்மேல் ஏறும் மிகை, மேற்கூறிய விலைப்படி, 10 ரூபாயே. இவ்வுண்மையை அறியாதார், உச்ச விலை என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே அஞ்சி, படிக்கும் பிள்ளையின் விளக்கை அணைப்பர். புழுக்கத்தில் துன்புறும் முதியோரின் விசிறியை நிறுத்துவர். பத்து ரூபாய்க்காகக் கல்வியையும் உடல்நலத்தையும் விற்பது சிக்கனம் ஆகுமா? மாலையில் இயங்கும் மோட்டாரையும் இஸ்திரிப் பெட்டியையும் விட்டுவிட்டு, விளக்கின்மேல் கை வைப்பது கருமித்தனமுமன்று, அறியாமையே ஆகும்.

ஆயினும், மாற்றுவதற்கு யாதொரு வேலையும் இல்லாத குடும்பங்கள் உண்டு. ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு விசிறி, பகல் முழுதும் கூலிவேலை, இரவில்தான் வீடு. இத்தகையோர்க்குச் சூரிய நேரத்தின் மலிவால் பயன் சிறிது. உச்ச நேரத்தின் உயர்வோ தப்பாது வரும். பத்து ரூபாயும் அவர்க்குப் பத்து ரூபாயே. விலை வகுப்போர் நினைவில் கொள்ளத்தக்கது இவ்வேறுபாடு. பொழுதுக்கேற்ற விலை என்பது, காத்திருக்கும் வேலையை நகர்த்துவதற்கு ஏற்பட்ட கருவி. காத்திரா வேலைக்கு இடும் தண்டமாக அது மாறலாகாது. விலையை அறுதியிடுமுன் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அக்கூட்டங்களுக்குச் சென்று, தம் தெருவின் நிலையையும், கணக்கு அறியாத அண்டை வீட்டாரின் நிலையையும் எடுத்துரைப்பது கற்றவர் கடமை.

திருவள்ளுவர் காலமறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அரசர்க்கும் படைக்கும் அவர் கூறிய அவ்வறிவு, இந்நாளில் அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் வேண்டியதாயிற்று. வீட்டிலுள்ள மின்கருவிகளை எண்ணுக. ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்க. காத்திருப்பது எது, காத்திராதது எது எனப் பகுத்தறிக. அவ்வாறு அறிந்த இல்லத்தில், நண்பகலில் தொட்டி நிறையும், மாவு அரைபடும், துணி உலரும். மாலை வந்ததும் வேலைகள் ஓய்ந்து, பிள்ளைகள் விளக்கின் முன் அச்சமின்றிப் படித்திருப்பர்.