பொதுக் களஞ்சியத்தின் பூட்டும் சாவியும்

ஒரு வகுப்பில் பலர் சேர்ந்து கையெழுத்து ஏடு ஒன்று தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி பிழை திருத்துவாள், மற்றொருத்தி படம் வரைவாள். ஏடு ஒன்று, கைகள் பல. யார் எதைத் தொடலாம், யார் எதைப் பார்க்க மட்டும் செய்யலாம் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாவிட்டால், ஏடு முடியும் முன்பே மனத்தாங்கல் வந்துவிடும். கணினியில் பலர் கூடி வேலை செய்யும்போதும் நிலைமை இதுவே. அதற்கு அறிஞர்கள் கண்ட வழியை இக்கட்டுரையில் காண்போம்.

களஞ்சியம் என்பது யாது?

கணினி நிரல் எழுதுவோர் தாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பெயரோடும் தேதியோடும் பதிந்து வைப்பர். பழைய நிலை வேண்டுமானால் திரும்பப் பெறலாம். இவ்வாறு மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் இடமே களஞ்சியம். இதற்கான மென்பொருள் ஒன்றை 1972 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் உருவாக்கினார். இன்று மிகுதியாக வழங்குவது ‘கிட்’ என்பதாகும். லினக்ஸைத் தந்த லினஸ் டார்வால்ட்ஸ் 2005 இல் இதைத் தொடங்கினார். ஒரே லினக்ஸ் கணினியில் பலர் தனித்தனிக் கணக்குகளுடன் ஒரு களஞ்சியத்தைப் பகிர்ந்துகொள்ளும்போதுதான் உரிமை பற்றிய கேள்வி எழுகிறது.

மூன்று பிரிவினர், மூன்று உரிமைகள்

1969 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யுனிக்ஸின் முறையையே லினக்ஸும் பின்பற்றுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர், குழு ஒன்று உண்டு. எஞ்சியோர் அனைவரும் ‘பிறர்’. உரிமைகளும் மூன்றே. படித்தலுக்கு எண் 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. இவற்றைக் கூட்டி உரிமையாளர், குழு, பிறர் என்ற வரிசையில் எழுதுவர். 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம். குழுவும் பிறரும் படிக்க மட்டும் செய்யலாம். 664 என்றால் குழுவும் எழுதலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வகுப்பறை நூலக பீரோவை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தினுள் எழுதுவது ஒரு செயல். பீரோவில் புத்தகத்தை வைப்பதும் எடுப்பதும் வேறு செயல். பின்னதற்கு பீரோவின் சாவி வேண்டும். கோப்புறையே அந்த பீரோ. ஒரு கோப்பைப் புதிதாக வைப்பதும், நீக்குவதும், பெயர் மாற்றுவதும் கோப்புறையின் எழுதும் உரிமையைப் பொறுத்தவை; கோப்பின் உரிமையைப் பொறுத்தவை அல்ல.

தடை எங்கே வருகிறது?

கிட், தான் சேமிக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு 40 குறிகள் கொண்ட ஒரு பெயரைத் தரும். முதல் இரு குறிகள் கோப்புறையின் பெயராகும். ஒவ்வொரு குறியும் 16 வகையில் ஒன்று. ஆகவே 256 கோப்புறைகள் வரை உண்டாகலாம். முதல் மாணவி தன் வேலையைச் சேர்க்கும்போது ‘37’ என்ற கோப்புறை பிறக்கிறது என்போம். பொதுவான அமைப்பில் அது அவளுடைய சொந்தக் குழுவின் பெயரிலும் 755 என்ற உரிமையோடும் அமையும். மறுநாள் இரண்டாம் மாணவியின் பொருள் ஒன்றும் ‘37’க்கே போக வேண்டியதாகிறது. அங்கே அவளுக்கு எழுத உரிமை இல்லை. கணினி மறுத்துவிடுகிறது.

நேற்று ஏற்ற கணினி இன்று ஏன் மறுக்கிறது என்று அவள் திகைப்பாள். நேற்று அவளுடைய பொருள்கள் வேறு கோப்புறைகளுக்குப் போயின. இன்று தோழியின் கோப்புறைக்குப் போக நேர்ந்தது. காரணம் அவ்வளவே. பழுது விட்டு விட்டு வருவதால் ஒருவரை ஒருவர் குறைகூறும் நிலையும் தோன்றுகிறது.

தீர்வு

முதலில் கணினி நிர்வாகியிடம் சொல்லிப் பொதுக் குழு ஒன்றை ஏற்படுத்தி, அனைவரையும் அதில் சேர்க்க வேண்டும். சேர்ந்தவர்கள் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் புதிய உறுப்புரிமை செல்லும். இரண்டாவதாக, களஞ்சியத்தில் ஏற்கெனவே உள்ளவற்றை அக்குழுவின் பெயருக்கு மாற்றி, கோப்புறைகளுக்கு 2775 என்ற உரிமையைத் தர வேண்டும். முன்னால் நிற்கும் 2, இனி உள்ளே பிறக்கும் அனைத்தும் அதே குழுவைச் சேரும்படி செய்கிறது. மூன்றாவதாக, இது குழுவுக்குரிய பொதுக் களஞ்சியம் என்பதை கிட்டின் அமைப்பிலேயே குறிக்க வேண்டும். அது இனி வருவதற்கு மட்டுமே பொருந்தும். பழையவற்றை நாமே சரிசெய்தாக வேண்டும்.

எல்லாருக்கும் திறந்துவிடலாமா?

777 என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லையே எனச் சிலர் எண்ணுவர். அப்போது கணினியில் கணக்குள்ள எவரும் களஞ்சியத்தையே நீக்கிவிடலாம். யார் செய்தது என்றும் தெரியாது.

பொதுக் கணினியில் வேறோர் ஆபத்தும் உண்டு. ஒருவர் சூழ்ச்சியாக வைத்த களஞ்சியத்தினுள் நாம் அறியாமல் கிட்டை இயக்கினால், அவருடைய கட்டளைகள் நம் பெயரில் நடந்துவிடக்கூடும். ஆகவே 2022 ஏப்ரல் முதல், வேறொருவருக்கு உரிமையான களஞ்சியத்தில் கிட் வேலை செய்ய மறுக்கிறது. நம்பத்தக்கது என்று நாமே நம் அமைப்பில் குறித்துக்கொண்ட பின்னரே இணங்குகிறது. இது இடைஞ்சலாகத் தோன்றினாலும் நமக்குக் காவலே.

எழுதியவர் பெயர் வேறு, கோப்பின் உரிமையாளர் வேறு என்பதையும் நாம் உணர வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் எழுதியவர் பெயரை கிட் பதிகிறது. கோப்பின் உரிமையாளர் யார் என்பதை அது தன் வரலாற்றில் பதிவதே இல்லை. உழைப்பின் பெருமை உழைத்தவளுக்கு, சாவியோ குழுவுக்கு.

பத்தாம் வகுப்பு முடித்து நாம் பள்ளியை விட்டுச் செல்லும் நாளில் நம் கணக்குகள் மூடப்படலாம். உரிமை நம் ஒருவர் கையிலேயே இருந்தால் வேலையும் அன்றோடு நின்றுவிடும். குழுவின் கையில் இருந்தாலோ, அடுத்து வரும் தங்கையர் நாம் விட்ட இடத்திலிருந்து தொடர்வர். ஆகவே பொது வேலையைத் தொடங்கும் முதல் நாளிலேயே குழுவை அமைத்து, உரிமைகளை ஒழுங்குபடுத்துவோமாக.