பில் சாப்ட்வேர் வாங்குமுன் டேட்டாபேஸைக் கேளுங்கள்



கடைக்குப் பில் சாப்ட்வேர் வாங்கும்போது திரையைப் பார்க்கிறோம், விலையைப் பேசுகிறோம். ஆனால் நம் சரக்கு இருப்பும் வாடிக்கையாளர் பாக்கியும் தங்குவது அதன் அடியில் உள்ள 'டேட்டாபேஸ்' என்னும் குடோனில்தான். அது எது என்று நம்மில் பலர் கேட்பதில்லை.

கேட்கும்போது தெரியாத பெயராகச் சொன்னால் உடனே தள்ளிவிடவும் வேண்டாம். ஒரு காலத்தில் பல கடைகளில் ஓடிய பில் சாப்ட்வேர்கள் ஃபாக்ஸ்புரோவில் செய்யப்பட்டவை. அது மைக்ரோசாஃப்ட் என்ற பெரிய கம்பெனியின் சரக்கு. ஆனாலும் இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று 2007-ல் அறிவித்தார்கள். 2015-ல் ஆதரவும் நின்றது. ஃபயர்பேர்ட் என்பது நமக்கு அதிகம் தெரியாத பெயர். போர்லாண்ட் கம்பெனி 2000-ல் வெளியிட்ட இன்டர்பேஸ் மூல நிரலிலிருந்து வந்தது. உரிமக் கட்டணம் இல்லை. அதன் ஐந்தாம் பதிப்பு 2024-ல் வெளிவந்தது. ஆகவே பெயர் மட்டும் போதாது.

புது ஊர் அரிசியைக் குத்தூசி போட்டுப் பார்த்துத்தானே எடுக்கிறோம்? அதுபோல நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

1. உரிமம்: டேட்டாபேஸுக்குத் தனிக் கட்டணம் உண்டா? கம்ப்யூட்டர் கூடினால் கட்டணமும் கூடுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2. பேக்கப்: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தால் நகல் பழுதாகலாம். ஃபயர்பேர்டில் இதற்கென்றே 'ஜிபேக்' என்ற கருவி உண்டு. எடுத்த நகலை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய கணக்கு வருகிறதா என்று பார்த்தால்தான் அது பேக்கப்.

3. கடவுச்சொல்: ஃபயர்பேர்டின் பழைய பதிப்புகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல்லோடு வந்தன. அதை மாற்றாமல் விட்டால் பூட்டாத கல்லாப்பெட்டிதான்.

4. வெளியே எடுக்கும் வழி: சாப்ட்வேர்காரர் நாளை தொழிலை விட்டுவிட்டால், பாக்கி, இருப்பு, பில் எல்லாவற்றையும் எக்ஸெல் பட்டியலாக எடுக்க முடியுமா? அந்த டேட்டாபேஸ் தெரிந்த வேறு ஆள் கிடைப்பாரா?

இந்த நான்காவதே முக்கியம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அதற்குள் சாப்ட்வேர்காரர் மாறலாம். அதிகாரி கணக்கைக் கேட்பது நம்மிடம்தான். கடன் பாக்கிக்கும் வேறு சாட்சி கிடையாது.

எனவே பேக்கப்பை ஏற்றுவதையும் பட்டியல் எடுப்பதையும் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்து காட்டினால் பெயர் எதுவானாலும் வாங்கலாம். தயங்கினால், எவ்வளவு பெரிய பெயரானாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.