முதியோர் சேர்த்த பொருளும் மக்கள் கடனும்



முதுமை எய்திய பெற்றோர் பயனற்ற பொருள்களை விடாது சேர்த்து, அவற்றினிடையே நடமாடவும் இடமின்றி வாழ்வாராயின் மக்கள் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதே இன்றைய பாடம்.

ஓர் இல்லத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில், கோவிற்குளத்துக்கு அண்மையில், பழைய ஓட்டு வீடு ஒன்று. எண்பத்தைந்து வயது மூதாட்டி அதில் தனித்து வாழ்கிறார். தாழ்வாரம் முழுவதும் செய்தித்தாள் கட்டுகள். அடுக்களையில் கழுவி உலர்த்திய பால் உறைகள், மூடியில்லாப் புட்டிகள், ஓட்டை விழுந்த பாத்திரங்கள். கட்டிலில் பாதி துணிமூட்டைக்கு, மறுபாதியே அவருக்கு. இடவப்பாதி மழையில் தாள்கள் ஈரம் குடித்துக் கரையானுக்கு இரையாகின்றன. விடுமுறைக்கு வந்த மகன், தாய் வெளியே சென்ற வேளை பார்த்து, வண்டி அமர்த்தி அனைத்தையும் அகற்றிவிடுகிறான். வீடு தூய்மையாயிற்று, தாயின் உள்ளமோ உடைந்தது. அன்று முதல் மகனுக்குக் கதவு திறக்கவும் அவர் அஞ்சினார். ஓராண்டில் தாழ்வாரம் முன்னைப் போலவே நிறைந்தது.

மகன் செய்த பிழை யாது? குப்பையை அகற்றியது பிழையன்று. தாயின் இசைவையும் அதனோடு சேர்த்து அகற்றியதே பிழை.

இத்தகைய முதியோரை உலோபி என்று இகழ்வது எளிது. ஆனால் உலோபத்தைவிட அச்சமும் அன்புமே பல குவியல்களின் அடியில் கிடக்கின்றன. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பஞ்சம் தலைகாட்டிற்று. மரச்சீனிக் கிழங்கே பல குடும்பங்களின் உயிரைக் காத்தது. அக்காலத்துப் பிள்ளைகள் எதையும் எறியக் கூசுவதில் வியப்பில்லை. 2019இல் திருப்பூர் மாவட்டத்து மூதாட்டியர் இருவர், உடன்பிறந்தோர், தம் மருத்துவத்துக்கும் ஈமச் செலவுக்கும் என்று ஒளித்து வைத்திருந்த 46,000 ரூபாயை வெளியே எடுத்தனர். அவை அனைத்தும் 2016 நவம்பரிலேயே செல்லாதவையாகிவிட்ட நோட்டுகள்! பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்ற அச்சமே அப்பணத்தைக் காத்தது. அவ்வச்சமே அதனைப் பயனற்றதாக்கவும் செய்தது.

கடல் கடந்த நாட்டிலும் இதுவே கதை. நியூயார்க் நகரில் காலியர் என்னும் குடும்பப் பெயருடைய சகோதரர் இருவர் வாழ்ந்தனர். மூத்தவர் பார்வை இழந்தார். அவருக்குக் கண்பார்வை மீளும் நாளில் படிக்கவேண்டுமென்று இளையவர் பல்லாண்டுகளாகச் செய்தித்தாள்களைச் சேர்த்து வந்தார். 1947இல் அக்குவியலே சரிந்து இளையவரை அழுத்திக் கொன்றது. உணவூட்ட ஆளின்றி மூத்தவரும் மாண்டார். அவ்வீட்டிலிருந்து நூறு டன்னுக்கு மேற்பட்ட பொருள்கள் அகற்றப்பட்டன. அன்பினால் சேர்த்ததும் அளவு கடந்தால் உயிரை வாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வறுமை கண்டோர் அனைவரும் பொருளைக் குவிப்பவர் ஆவதில்லை. பொருளின் மதிப்பு எதுவாயினும் அதனை விட்டுப் பிரிய இயலாத துயரமும், அதனால் வாழிடம் பயன்படாது போவதும் சேர்ந்து நிற்குமாயின் அது ஒரு நோய் என்று மருத்துவர் கூறுகின்றனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதனைத் தனி நோயாக வகுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் இது இடம் பெற்றுள்ளது. வாழ்நாளெல்லாம் ஒழுங்காக இருந்தவர் முதுமையில் திடீரெனக் குவிக்கத் தொடங்கினால், அது மறதிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அறிவுரையால் காய்ச்சல் நீங்காதது போலவே வசைமொழியால் இந்நோயும் நீங்காது.

இனி, தம்மம் நமக்குக் காட்டும் வழியைக் காண்போம். பெற்றோரைத் தோளில் சுமந்து நூறாண்டு பணிவிடை செய்தாலும் அவர் கடன் தீராது என்று பகவான் அருளினார். பின் எவ்வாறு தீரும்? நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் ஞானத்திலும் அவர்களை நிலைநிறுத்துவதாலும், ஈயாத பெற்றோரை ஈகையில் நிலைநிறுத்துவதாலும் தீரும் என்றார். இதில் ஒரு நுட்பம் உண்டு. பெற்றோரின் பொருளைப் பிடுங்கிக் கொடுப்பவன் அவர்களை ஈகையில் நிறுத்தியவனாகான். ஈகை என்பது ஈபவரின் கையால் நிகழவேண்டியது.

உதயண மன்னனின் அந்தப்புரப் பெண்டிர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகள் வழங்கிய வரலாற்றையும் கேளுங்கள். இத்தனை ஆடை துறவிக்கு எதற்கு என்று மன்னன் வினவினான். கிழிந்த ஆடையுடைய பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் தேரர். பழைய ஆடைகள் விரிப்பாகும், பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும், அவை தரைவிரிப்பாகும், பின் கால்துடைக்கும் துணியாகும், பின் தூசி தட்டும் துணியாகும், முடிவில் கிழித்து மண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என விடையிறுத்தார். மகிழ்ந்த மன்னன் மேலும் ஐந்நூறு ஆடைகள் ஈந்தான்.

‘எதையும் வீணாக்கலாகாது’ என்னும் நம் முதியோரின் சொல் தேரரின் சொல்லே ஆகும். அதனை நாம் மறுக்கவேண்டுவதில்லை. ஆனால் தேரரின் ஆடை ஓரிடத்தும் தேங்கி நிற்கவில்லை. ஒரு பயன் தீர்ந்ததும் மறு பயனுக்கு நகர்ந்தது. மூட்டைக்குள் கிடந்து கரையான் தின்னும் சேலையே உண்மையில் வீணான சேலை. இதனை அன்போடு எடுத்துரைத்தால் முதியோரின் உள்ளம் இசையும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை இவை:

1. முதலில் உயிர்க்காப்பு. கட்டிலிலிருந்து குளியலறைக்கும் வாயிலுக்கும் தடையற்ற வழி வேண்டும். அடுப்பையும் மின்கம்பிகளையும் அண்டித் தாளும் துணியும் இருத்தலாகாது. ‘அம்மா, நீங்கள் இடறி விழாமல் இருக்க இவ்வளவு இடம் மட்டும் தாருங்கள்’ என்று முதற்கண் இதனை மட்டுமே கேளுங்கள்.

2. பொருளைத் தொடுமுன் அதன் கதையைக் கேளுங்கள். எவர் தந்தது, எந்த ஆண்டு வந்தது என்று சொல்லி முடித்தபின் பலர் தாமே பிடியைத் தளர்த்துவர்.

3. ஒரு நாளைக்கு ஒரு கூடை, அரைமணி நேரம் போதும். வைத்துக்கொள்வது, கொடுப்பது, கழிப்பது, பின்னர் முடிவு செய்வது என நான்காகப் பிரியுங்கள். பிரிக்கும் கை முதியவருடையதாக இருக்கட்டும். பத்திரமும் நகையும் துணி மடிப்பில் இருத்தல் கூடும்; எனவே எதையும் பிரித்துப் பாராது கழிக்கவேண்டா.

4. கொடுக்கும் பொருளை இன்னாருக்கு என்று சொல்லி, முதியவரே தம் கையால் கொடுக்கச் செய்யுங்கள். தாள்களை, ஆக்கிரிக் கடை என்று அவ்வூரார் சொல்லும் பழம்பொருட் கடைக்குப் போட்டு, வந்த காசை அவரிடமே தருக. பிளாஸ்டிக் உறைகளை வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனையாரிடம் சேர்க்கலாம்.

5. துயரம் மிகுந்தாலோ மறதி தோன்றினாலோ மருத்துவரை நாடுங்கள். ஊளம்பாறை என்ற பெயர் கேட்டே நடுங்கும் வழக்கம் அந்நகரில் உண்டு; மனநல மருத்துவரைக் காண்பதில் இழிவொன்றுமில்லை. மனநலத்துக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்னும் தொலைபேசி எண்களில் வழி கேட்கலாம்.

இறுதியாக நம்மை நாமே சோதித்துக்கொள்வோம். ‘பற்றை அறுமின்’ என்று தாய்க்கு உபதேசிக்கும் மகனின் கண், அவ்வீட்டின் மேலும் மனையின் மேலும் இருக்குமாயின் பற்று யாரிடம் உள்ளது? தம்மத்தைப் புதிதாய் ஏற்ற நாம் அதனை முதியோர் மீது வீசும் கோலாக்கலாகாது. கூடை காலியாக ஓராண்டு ஆகட்டும். அவ்வோராண்டும் மகன் தாயின் அருகே அமர்ந்திருந்தால், அதுவே அவர் அச்சத்துக்கு முதல் மருந்து.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. உலோபமும் அச்சமும் எவ்வாறு வேறுபடும்?

2. இசைவின்றி அகற்றுதல் எந்நிலையில் தகும்? உயிருக்கு இடர் நேரும்போதும் முதியவரின் மதிப்பைக் காப்பது எங்ஙனம்?

3. நம் இல்லத்தில் தேங்கிக் கிடந்து வீணாகும் பொருள் யாது? அதனை இவ்வாரம் யாருக்கு அளிக்கலாம்?